உருவமும் உள்ளமும்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, வழக்கம்போல் ரயிலைப் பற்றித்தான் எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார். தண்டவாளம் வெயிலில் ஏன் நீளுகிறது, பாலத்துக்கு ஏன் வெள்ள மட்டம் குறிக்கிறோம் என்றெல்லாம் முன்பு எழுதியிருக்கிறேன். இம்முறை விஷயம் வேறு. ஒவ்வொரு மனிதனும் தன் உடலைப் பற்றித் தன் மனத்துக்குள் ஒரு படம் வைத்திருக்கிறான். அந்தப் படம் எப்படி உருவாகிறது, எப்படிக் கோணலாகிறது என்பதைப் பற்றி எழுதப் போகிறேன். டிப்ளமா படித்துவிட்டு டிராக்கோடு காலம் கழித்தவனுக்கு மனோதத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி நம் சங்க மேடையில் ஐந்து வருடங்கள் தொடர்ந்து கும்மியும் கோலாட்டமும் ஆடியவள். சென்ற ஆண்டு பொங்கல் விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒத்திகை முடிந்து பசியோடு வந்தாள். அவள் பாட்டி தோசை வார்த்துப் போட, சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது தோசை தட்டில் விழுந்தபோது நான் சொன்னேன்: "என்னம்மா, நாளுக்கு நாள் குட்டி யானையா ஆயிட்டு வர்றே! மேடை தாங்குமா?" எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். தட்டில் பாதி தோசை மிச்சம் இருந்தது. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அவள் மேடை ஏறவில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றாள். கடைசி வரிசையில் ஒரு தொளதொள ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்ச் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, இரண்டு மாதமாக டிபன் பாக்ஸை அப்படியே தோழிகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறாள். இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு, மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போகச் சொன்னார்கள். அந்த அம்மையார் பேத்தியிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் வேடிக்கையாகச் சொன்னீர்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே தங்கிவிட்டது" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மனத்திலுள்ள படம்

உடல் தோற்றத்தைப் பற்றிய உளவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் வியன்னாவில் பிறந்த மருத்துவர் பால் ஷில்டர். 1935-ல் அவர் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. நம் உடல் நமக்கு எப்படித் தோன்றுகிறதோ, அந்த மனச்சித்திரத்தை அவர் தனியாக எடுத்து ஆராய்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் இதை நான்கு பாகங்களாகப் பிரிக்கிறார்கள்: உடலை எப்படிப் பார்க்கிறோம், அதைப் பற்றி என்ன நினைக்கிறோம், என்ன உணர்கிறோம், அதனால் என்ன செய்கிறோம். என் பேத்தியின் விஷயத்தில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். கண்ணாடியில் தன்னை இருப்பதைவிடப் பெரிதாகப் பார்த்தாள். 'நான் அசிங்கமாக இருக்கிறேன்' என்று நினைத்தாள். வெட்கப்பட்டாள். கடைசியில் மேடையை விட்டாள், சாப்பாட்டை விட்டாள்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. உண்மையான உடலுக்கும் மனத்திலுள்ள படத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒல்லியானவர்கள் தங்களைக் குண்டு என்று நம்புகிறார்கள். நல்ல கட்டுடல் கொண்ட இளைஞர்கள் தங்களை நோஞ்சான் என்று நினைத்து ஜிம்மே கதி என்று கிடக்கிறார்கள். உடல் பருத்த பலர் தங்கள் உடலோடு சமாதானமாக வாழ்கிறார்கள்.

அளவுகோல் கெட்டால்

இதைப் படித்தபோது என் பழைய அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செக்‌ஷனில் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தைச் சோதித்துக்கொண்டு போனேன். நம் அகலப்பாதையில் அது 1676 மி.மீ. என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் மூன்று மில்லிமீட்டர் குறைவாகக் காட்டியது. கேங்காரர்களைச் சத்தம் போட்டேன். வெயிலில் அவர்கள் அரை நாள் ஆணிகளைப் பிடுங்கிப் பிடுங்கி அடித்தார்கள். கடைசியில் வயதான மேட் ஒருவர் தயங்கித் தயங்கி, "சாப், உங்கள் கேஜை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்றார். யாரோ அதைக் கீழே போட்டிருக்கிறார்கள். கேஜ்தான் வளைந்திருந்தது. டிராக் சரியாகவே இருந்தது.

அளவு பார்க்கும் கருவியையே அவ்வப்போது ஒரு மூல அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். மனிதன் தன் உடலை அளக்கும் கோலை யாரும் சரிபார்ப்பதில்லை. அந்தக் கோலைச் சின்ன வயதில் அவன் கையில் கொடுப்பவர்கள் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, பள்ளித் தோழர்கள். பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வதும், குடும்பத்தார் எடையைப் பற்றி அடிக்கடி பேசுவதும், பிற்காலத்தில் உடலைப் பற்றிய அதிருப்தியோடு சேர்ந்தே காணப்படுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

கண்ணாடியும் காமிராவும்

"ஃபோட்டோவில் நான் நன்றாகவே விழமாட்டேன்" என்று சொல்லாதவர் யார்? இதற்கு அழகான ஒரு விளக்கம் இருக்கிறது. 1977-ல் அமெரிக்காவில் தியோடர் மீட்டாவும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். பெண்களின் புகைப்படத்தை இரண்டு விதமாக அச்சிட்டார்கள். ஒன்று உள்ளபடி. மற்றொன்று கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பியது. சம்பந்தப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் கண்ணாடிப் படத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளோ உள்ளபடி இருந்த படத்தை விரும்பினார்கள். காரணம் எளியது. பார்த்துப் பழகியதுதான் நமக்குப் பிடிக்கும். நாம் நம்மைக் கண்ணாடியில் பார்த்துப் பழகியிருக்கிறோம். மற்றவர்கள் நம்மை நேரில் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். யாருடைய முகமும் இரு பக்கமும் சரிசமமாக இருப்பதில்லை. ஆகவே புகைப்படத்தில் நம் முகம் நமக்கே சற்று அந்நியமாகத் தெரிகிறது.

கைபேசி வந்த பிறகு இன்னொரு கோளாறு சேர்ந்துகொண்டது. கையை நீட்டித் தானே எடுத்துக்கொள்ளும் படத்தில் முகம் காமிராவுக்கு மிக அருகில் இருக்கிறது. அருகில் இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும் என்பது சர்வே வேலை செய்த எவருக்கும் தெரியும். முகத்தில் காமிராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு. 2018-ல் வெளியான ஒரு கணக்கின்படி, ஓர் அடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. தவறு லென்ஸின் தூரத்தில் இருக்க, பாவம், பிள்ளைகள் மூக்கைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்களா?

எனக்கு ஐந்து வயதில் பெரியம்மை போட்டது. பிழைத்ததே மறுபிறவி என்பார்கள். முகமெல்லாம் வடு. பள்ளியில் எனக்குச் 'சல்லடை' என்று பெயர். அறுபது வருடம் ஆகியும் அந்தப் பெயர் மறக்கவில்லை. புது ஊருக்கு மாற்றலாகிப் போகும்போதெல்லாம் முதல் நாள் எல்லோரும் என் கன்னத்தையே பார்ப்பதாக எனக்குத் தோன்றும். சரியாக முகம் கொடுத்துப் பேசாதவரைக் கண்டால், 'வடுவைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்' என்று முடிவுகட்டிவிடுவேன்.

1980-ல் ராபர்ட் கிளெக், ஆஞ்செலோ ஸ்ட்ரென்டா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனை ஒன்றைப் படித்ததும் நான் திடுக்கிட்டேன். சோதனைக்கு வந்தவர்களின் முகத்தில் மேக்கப்பால் ஒரு பெரிய வடுவை வரைந்து கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, வடு காய்ந்து உதிராமல் இருக்க ஏதோ தடவுவதாகச் சொல்லி, அவர்கள் அறியாமலேயே அதைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். முகம் சுத்தமாக இருந்தது. ஆனால் வடு இருப்பதாகவே நம்பிக்கொண்டு அவர்கள் அறிமுகமில்லாத ஒருவரோடு பேசப் போனார்கள். திரும்பி வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? எதிராளி தங்கள் வடுவால் சங்கடப்பட்டார், இறுக்கமாக நடந்துகொண்டார் என்றார்கள். இல்லாத வடுவுக்கு அவ்வளவு சாட்சி!

2000-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் செய்த சோதனையும் இதே வகைதான். பேரி மனிலோ என்ற பாடகரின் படம் போட்ட பனியனை ஒரு மாணவனுக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அக்கால மாணவர்களுக்கு அதைப் போட்டுக்கொள்வது மானக்கேடு. அறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், சுமார் பாதிப் பேர் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால் பங்கினர்தாம். மேடை விளக்கு முழுதும் நம் மேலேயே விழுகிறது என்பது மனத்தின் பிரமை. மற்றவர்கள் தங்கள் தங்கள் மூக்கைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் மூக்கைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

ஒப்பிடும் பழக்கம்

மனிதன் தன்னைத் தனியாக அளந்துகொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிட்டே அளந்துகொள்கிறான் என்று 1954-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். முன்பு நாம் யாரோடு ஒப்பிட்டோம்? தெருவில் இருந்த பத்துப் பதினைந்து பேரோடு. அதில் குட்டையும் இருந்தது, நெட்டையும் இருந்தது, சோடாபுட்டிக் கண்ணாடியும் இருந்தது. இன்று என் பேத்தி வயதுப் பெண், உலகம் முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்து, விளக்குப் போட்டு, திருத்தி அமைத்த முகங்களோடு தன்னை ஒப்பிடுகிறாள். போட்டியே நியாயமில்லை.

இதற்கு ஃபிஜித் தீவில் கிடைத்த சான்று புகழ்பெற்றது. அங்கே பரம்பரையாக நல்ல உடற்கட்டுக்குத்தான் மதிப்பு. நன்றாகச் சாப்பிடு என்று வற்புறுத்துவதே உபசாரம். நம் ஊர்ப் பாட்டிமார்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நத்ரோகா என்ற பகுதிக்கு 1995-ல் டெலிவிஷன் வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர், டெலிவிஷன் வந்த சில வாரங்களிலும், மூன்று வருடம் கழித்து 1998-லும் பள்ளி மாணவிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து விசாரித்தார். உண்ணும் பழக்கத்தில் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்தார்கள். எடை குறைய வேண்டும் என்பதற்காகச் சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்கள் முதலில் ஒருவர்கூட இல்லை, 1998-ல் 11.3 சதவீதம். ஒவ்வொரு முறையும் விசாரித்தது அறுபத்துச் சொச்சம் பெண்களைத்தான். இரண்டு முறையும் அதே பெண்கள் அல்ல. ஆகவே பழி முழுவதையும் டெலிவிஷன் மேல் போட முடியாது. ஆனாலும் பயமுறுத்தும் எண்கள்தாம்.

அழகுக்கு உலகம் தரும் சலுகை

இதுவரை சொன்னதை வைத்து, 'எல்லாம் மனப்பிரமை, தோற்றத்துக்கு மதிப்பே இல்லை' என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவர்கள் உலகத்தைப் பார்க்கிறார்களே! 1920-ல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அறிஞர், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்வாகு நன்றாக இருக்கிறது என்று எழுதப்பட்டவருக்கே அறிவும் தலைமைக் குணமும் ஒழுக்கமும் இருப்பதாக எழுதியிருந்தார்கள். ஒரு குணத்தின் ஒளிவட்டம் மற்றக் குணங்கள் மேலும் விழுந்துவிடுகிறது. 1972-ல் கேரன் டயானும் சகாக்களும் மாணவர்களிடம் வெறும் புகைப்படங்களைக் காட்டிக் கேட்டபோது, அழகானவர்கள் நல்ல குணமும் மகிழ்ச்சியான வாழ்க்கையும் உடையவர்களாக இருப்பார்கள் என்று அடித்துச் சொன்னார்கள்.

எனக்கே இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது. ஒரே நாளில் இரண்டு பேர் என் கேங்கில் சேர்ந்தார்கள். ஒருவன் ஆறடி, மல்யுத்த வீரனைப் போல இருந்தான். மற்றவன் காற்றடித்தால் விழுந்துவிடுவான் போல இருந்தான். முதலாமவன் மேல் நம்பிக்கை வைத்தேன். ஆறு மாதத்தில் அவன் வேலையை விட்டு ஓடிவிட்டான். நோஞ்சானாக இருந்தவன்தான் பிற்பாடு கீமேன் ஆகி, பனி கொட்டும் ஒரு விடியற்காலையில் தண்டவாள விரிசலைக் கண்டுபிடித்து ஒரு பாசஞ்சர் வண்டியை நிறுத்தினான். பெரிய தேருக்கு அச்சாணி எவ்வளவு சிறியது என்று வள்ளுவர் காட்டியதைப் பள்ளியில் படித்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

நிறம் என்னும் தொல்லை

நம் சமூகத்தில் தோற்றம் என்றால் முதல் கேள்வி நிறம். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழி சொல்லிக்கொண்டே, மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று எழுதுவோம். பெண் கறுப்பாக இருந்தால் 'மாநிறம்' என்று பூசி மெழுகுவோம். தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் 'காலா', 'காலி' என்ற கேலியைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டு வருவதுண்டு. கோபப்படுகிறோம், படவேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்பே நம் வீட்டில், "வெயிலில் விளையாடாதே, கறுத்துப்போவே, அப்புறம் யார் கட்டிக்குவா?" என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே பாடம்தான். ஒன்று தமிழில், மற்றொன்று இந்தியில்.

விஞ்ஞானம் சொல்வது இவ்வளவுதான். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காப்பது மெலனினின் வேலை. கடும் வெயில் அடிக்கும் நாட்டில் பிறந்தவனுக்கு இயற்கை கொடுத்த குடை அது. குடையை விற்றுவிட்டு வெளுப்பை வாங்க நாம் அலைகிறோம்.

வியாபாரிகளும் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1975-ல் நம் நாட்டில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமின் விளம்பரங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். முகம் வெளுத்ததும் வேலை கிடைக்கும், கல்யாணம் கூடிவரும். மாறுதலும் வந்தது. 2009-ல் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு, கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணை நின்றபோது நாடு முழுவதும் பேசப்பட்டது. கறுத்த நிறத்தவரைத் தாழ்ந்தவராகவோ துயரப்படுபவராகவோ விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் தர அமைப்பு 2014-ல் விதி செய்தது. 2020-ல் அந்தக் கிரீமின் பெயரே 'குளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. டப்பாவில் பெயர் மாற்றுவது எளிது. பெண் பார்க்கப் போகும் வீட்டில் நாம் பேசும் பேச்சை மாற்றுவதுதான் கஷ்டம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

தோற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படுவது இயல்பு. வளரும் வயதில் அது சற்று அதிகமாகவே இருக்கும். ஆனால் எல்லை தாண்டினால் அது நோய். இல்லாத குறையை, அல்லது பிறர் கண்ணுக்கே படாத சிறு குறையை, நாளெல்லாம் நினைத்து வருந்துவதை இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி 1891-லேயே நோயாக விவரித்தார். இன்றைய கணக்கில் சுமார் நூற்றில் இரண்டு பேருக்கு இது இருக்கிறது. இவர்களில் பலர் மனநல மருத்துவரிடம் போகாமல் தோல் மருத்துவரிடமும் பிளாஸ்டிக் சர்ஜரி செய்பவரிடமும் அலைகிறார்கள். எத்தனை ஆபரேஷன் செய்தாலும் பெரும்பாலோருக்குத் திருப்தி வருவதில்லை. தண்டவாளத்தை எத்தனை தடவை நகர்த்தினாலும், கேஜ் வளைந்திருந்தால் அளவு சரியாக வராது அல்லவா? ஆண் பிள்ளைகளிடம், எவ்வளவு கட்டுடல் இருந்தாலும் போதவில்லை என்று தோன்றும் வடிவில் இது வருவதை ஹாரிசன் போப் என்ற மருத்துவரும் சகாக்களும் 1990-களில் எழுதினார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில:

சாப்பாட்டைத் தவிர்க்கச் சாக்குச் சொல்வது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிடுவது.

கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பது, அல்லது கண்ணாடியையும் ஃபோட்டோவையும் முற்றாகத் தவிர்ப்பது.

"நான் அசிங்கமா இருக்கேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, பதிலால் சமாதானம் அடையாதது.

விழா, விளையாட்டு, சிநேகிதர் வீடு எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குவது.

மருத்துவர் சொல்லாமல் பவுடர், மாத்திரை, ஊசி என்று வாங்கிப் போட்டுக்கொள்வது.

இவற்றைக் கண்டால் 'வயசுக் கோளாறு, சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடாதீர்கள். பட்டினி கிடக்கும் நோய் உயிருக்கே ஆபத்தானது. பேச்சுமுறைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. உடனே யாரிடம் போவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் உண்டு. தமிழிலும் பேசுகிறார்கள் என்பது வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்குப் பெரிய வசதி.

நாம் செய்யக்கூடியது

நெதர்லாந்தில் ஜெசிகா அலேவாவும் சகாக்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. உடலைப் பற்றி அதிருப்தி கொண்ட இளம் பெண்களிடம், உங்கள் உடல் எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லாமல், உங்கள் உடல் உங்களுக்கு என்னென்ன செய்கிறது என்று எழுதச் சொன்னார்கள். சில தடவை, தடவைக்குக் கால் மணி நேரம்போல. அப்படி எழுதியவர்களுக்குத் தங்கள் உடல் மீது இருந்த அதிருப்தி குறைந்தது.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். "நீங்க முதல்ல எழுதுங்க தாத்தா" என்றாள். எழுதினேன். மழையில் டிராலியில் போன நாட்கள், வெள்ளத்தில் மண் அரித்த இடத்தில் மூன்று இரவு தூங்காமல் நின்ற கால்கள், அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை முதலில் வாங்கிய கைகள் என்று எழுதிக்கொண்டே போனேன். மூன்று பக்கம் ஆயிற்று. படித்துப் பார்த்தால் வடுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் எழுதியதை எனக்குக் காட்டவில்லை. கேட்கவும் இல்லை.

அப்படியானால் பிள்ளைகளின் எடையைப் பற்றி எதுவுமே பேசக் கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் பரவலாக இருக்கிறது, கவலை நியாயமானது. வீடு முழுவதும் ஒன்றாக நடக்கப் போகலாம். வீடு முழுவதும் ஒன்றாக எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கலாம். எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஒரு பிள்ளையை மட்டும் தனியாக நிறுத்தி அதன் தட்டை எண்ணக் கூடாது. கேலியால் எடை குறைந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. கேலியால் ஒளிந்துகொண்ட பிள்ளையைப் பார்த்துவிட்டேன்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் வருடத்துக்கு நான்கைந்து தடவைதான் கூடுகிறோம். சந்தித்ததும் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன? "என்ன இப்படி இளைச்சுட்டே?" "என்ன, ஒரு சுத்து பெருத்துட்ட மாதிரி இருக்கே?" "அடடா, கறுத்துட்டியே!" "முடியெல்லாம் எங்கப்பா போச்சு?" அன்பினால்தான் கேட்கிறோம். வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாததாலும் கேட்கிறோம். இனிமேல் "சௌக்கியமா? என்ன படிக்கிறே? இப்ப என்ன புதுசா கத்துக்கிட்டே?" என்று தொடங்கிப் பார்ப்போமே. பழக்கம் மாற நாள் பிடிக்கும். நானும் இன்னும் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த ஆண்டுப் பொங்கலுக்கும் பேத்தி மேடை ஏறவில்லை. கும்மி ஆடிய சின்னப் பெண்களுக்குப் பின்னால் நின்று ஜடை பின்னிவிட்டாள், பூ வைத்துவிட்டாள். மதியம் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வடை பரிமாறிக்கொண்டு வந்தவர் இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டார். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டு சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தேன். "வைங்க மாமா" என்றாள்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். எழுதலாம், ஆனால் தன் பெயர் வரக் கூடாது என்றாள். ஆகவே அவள் பெயரைப் போடவில்லை. உங்கள் வீட்டுப் பேத்தியின் பெயரைப் போட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள்.